வண்ணத்தாள் மழை

மொண்டேவிடேயோவில் ஜூலை என்றால் குளிர்.
கடல் போலக் கிடக்கும் ஆற்றிலிருந்து வரும் காற்று
ஆறாம் மாடி ஜன்னலைக் கடித்துப் பார்க்கிறது.
ஒன்பது டிசைனர்கள் இருந்த மேசையில் மூன்று பேர்.
மீதி ஆறு நாற்காலிகளை யாரும் எடுத்துப்போகவில்லை;
கோட்டு மாட்ட வசதியாக இருக்கிறது.

எங்கள் கம்பெனி வாங்குவது சாவுச் சந்தா.
மாதாமாதம் கொஞ்சம் கட்டினால்
பெட்டி, வண்டி, பூ, இரவு முழுக்கக் காபி
எல்லாம் பார்த்துக்கொள்வோம்.
செத்தவருக்கு வேலையில்லை.
இருப்பவர்தான் செயலியில் படிவம் நிரப்ப வேண்டும்.
அந்தப் படிவம் என் வேலை.
வேலையாக இருந்தது.

இப்போது ஒரு வரி தட்டுகிறேன்:
மரணத்தைப் பதிய ஐந்து திரைகள், அமைதியாக.
மாத்தே குடுவையில் வெந்நீர் ஊற்றி நிமிர்வதற்குள்
எட்டு விதமாக, நாற்பது திரைகள்.
குறை தேடிக் குனிந்தேன்.
ஓரங்கள் ஒழுங்கு. எழுத்து போதுமான பெரிது.
நடுங்கும் விரலுக்கும் தப்பாத பொத்தான்.
மூன்று வாரம் முட்டி மோதி
மேலாளரிடம் நான் வாங்கிய அந்த வெற்றிடத்தை
கேட்காமலே விட்டிருந்தது.
கோபம் வந்தது என்று சொன்னால் பொய்.
பசித்தது.
கீழே போய், மழைநாளில் இங்கே எல்லோரும் தின்னும்
பொரித்த ரொட்டி இரண்டு தின்றேன்.

புதன்கிழமை
சோதித்துப் பார்க்க வந்தவர் வில்மர் ஒலிவேரா.
பஸ் டிரைவர். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம்.
மனைவி நெலிடா போனது மார்ச்சில்.
கற்பனைப் பெயர் போதும் என்றேன்.
அவர் அவள் பெயரையே அடித்தார், ஒற்றை விரலால்.
அழுத்தினார்.

பச்சை டிக்.
வாழ்த்துகள்! எல்லாம் தயார்!
திரையின் மேலிருந்து மஞ்சள், ரோஜா, ஆகாய நீலம்
பொலபொலவென்று காகிதத் துணுக்குகள்.

அவர் எதுவும் சொல்லவில்லை.
கடைசித் துணுக்கு சட்டத்துக்கு வெளியே விழும்வரை பார்த்தார்.
பிறகு,
"நெலிடாவுக்குக் கார்னிவல் ஆகாது.
முரசு கேட்டாலே ஜன்னலைச் சாத்துவாள்."

எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம்.
அகப்பட்டது இயந்திரம்!
அதற்குச் சாவு தெரியாது என்று
ஐந்து பக்க அறிக்கை மனதில் ஓடியது.
ஆதாரத்துக்காக அதையே கேட்டேன்:
இதை எங்கிருந்து எடுத்தாய்?

உங்கள் கோப்பிலிருந்து, என்றது.
பாதையும் காட்டியது.
ஐந்து வருடம் முந்தைய தேதி, அதிகாலை இரண்டு மணி.
செய்தவர்: நோயெலியா பெருட்டி.
நான்தான்.
புதுச் சந்தாதாரர் சேர்ந்தால் கொண்டாட
நான் வரைந்த மழை.
பரிசாக ஒரு பீங்கான் கோப்பை கிடைத்தது.
தூக்கக் கலக்கத்தில் கோப்புக்கு நான் வைத்த பெயர்:
கடைசித் திரை, எல்லாவற்றுக்கும்.

எல்லாவற்றுக்கும்.
சொன்ன சொல் தட்டவில்லை அது.

அப்போது ஏன் யார் தலையிலும் விழவில்லை?
அப்போது சாவைப் போனில்தான் சொல்வார்கள்.
மறுமுனையில் மாரிசா இருந்தாள், உள் எண் 214.
அவள் எதையும் தூவியதில்லை.
அழுது முடிக்கட்டும் என்று காத்திருப்பாள்;
சராசரி அழைப்பு நேரம் மிக அதிகம் என்று
அவளை அனுப்பியபோது
செயலியின் முதல் வரைபடத்தில் இருந்தேன்.
கைதட்டினேன்கூட.

மழையை எடு, என்று தட்டினேன்.
இரண்டு நொடியில் எடுத்துவிட்டுக் கேட்டது:
பதிலாக என்ன வைக்கட்டும்?

சோதனை அறையில் வில்மர் கோட்டைப் போட்டுக்கொண்டு
கடைக் கூப்பன் தருவதாகச் சொன்னீர்களே என்றார்.
தந்தேன்.
இரண்டு கையாலும் மடித்து வைத்துக்கொண்டு போனார்.

திரையில் கேள்வி கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.
மேசைப் போனை எடுத்து
இரண்டு, ஒன்று, நான்கு அழுத்தினேன்.
இணைப்பைத் துண்டிக்க யாருக்கும் தோன்றவில்லை போல.
நாலாம் மாடியில் எங்கோ மணி அடிப்பது
படிக்கட்டு வழியாக ஏறி வந்தது.